மூட்டையில் இருக்கும் தூளும் மூச்சில் போகும் தூளும்

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. மராட்டியர் கால ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். நல்ல விஷயம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் போட்டோ எடுக்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. அந்தக் கிரானைட் பாறையில் ஒருவன் பெயரைக் கிறுக்கினால்கூட சட்டம் வரும்.

கோட்டைக்கு வெளியே கதை வேறு. விழுப்புரம் மாவட்டத்துக் குவாரிகளில் இதே போன்ற கடினப் பாறைதான் உடைபடுகிறது. ஜல்லியாகிறது, எம்-சாண்ட் ஆகிறது, கடைசியில் மாவாகிறது. அந்த மாவில் ஒரு பங்கு லாரியில் போகிறது. இன்னொரு பங்கு வேலை செய்பவரின் மூக்கு வழியாகப் போகிறது. முதல் பங்குக்கு டெஸ்ட் ரிப்போர்ட் உண்டு. இரண்டாவதுக்கு?

அரைவை இயந்திரம் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பால் மில் என்பது இரும்பு உருண்டைகள் போட்டுச் சுழற்றும் உருளை. ஒரு மீட்டர் விட்டம் இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 சுற்றுதான் எல்லை. அதைத் தாண்டினால் உருண்டைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், எதையும் அரைக்காது. அதனால் அதில் 65 முதல் 75 சதவீத வேகத்தில் ஓட்ட வேண்டும். தேர்வில் இந்தக் கணக்கு கட்டாயம் வரும். 200 மெஷ் சல்லடை என்றால் 75 மைக்ரான், இதுவும் வரும். ஆனால் அந்தச் சல்லடையில் சிக்காமல் காற்றில் மிதக்கும் தூள் எங்கே போய்ச் சேரும் என்று எந்தக் கேள்வித்தாளாவது கேட்டிருக்கிறதா?

கல்லூரி ஆய்வகத்தில் சின்ன பால் மில்லை மூடி, இறுக்கி, அதன் பிறகுதான் சுவிட்ச் போடுவார்கள். ஐம்பது கிராம் சாம்பிளில் ஒரு துளியும் வீணாகக் கூடாது. ஆக, மூடி வைத்து அரைக்கத் தெரியாமல் இல்லை. தூளுக்கு விலை இருந்தால் மூடி தானாக வந்துவிடுகிறது. திறந்தவெளியில் பெல்ட்டிலிருந்து கொட்டும் கல்தூசுக்கு விலை இல்லை, அதனால் மூடியும் இல்லை. பிரச்சினை தொழில்நுட்பத்தில் இல்லை, கணக்குப் போடும் விதத்தில் இருக்கிறது.

"தூசு எங்கேதான் இல்லை? மாவு மில்லில் இல்லையா, வயலில் இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். மாவுத் தூசும் ஆஸ்துமா தரக்கூடியதுதான். ஆனால் கல்தூசு வேறு ஜாதி. கிரானைட்டில் சாதாரணமாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குவார்ட்ஸ் இருக்கும். அது படிக சிலிகா. 10 மைக்ரானுக்கும் குறைவான, கண்ணுக்கே தெரியாத துகள்கள்தான் நுரையீரலின் அடி ஆழம் வரை இறங்குகின்றன. அவற்றை விழுங்க வரும் செல்களே செத்துப்போகின்றன. அந்த இடம் தழும்பாகி இறுகுகிறது. இதுதான் சிலிகோசிஸ். அதிலும் அப்போதுதான் உடைந்த குவார்ட்ஸின் முகம் பழைய மணலைவிட மோசமானது. அரைவை இயந்திரத்தின் வேலையே புதிதாக உடைப்பதுதானே!

இந்த நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. இருமலும் மூச்சு வாங்கலும் டி.பி. மாதிரியே இருப்பதால், டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மீண்டும் அதே தூசுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. சிலிகோசிஸ் வந்தவருக்கு டி.பி. பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். படிக சிலிகா புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. குஜராத்தில் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்குப் போன ஆதிவாசிகள் கூட்டமாகச் செத்தார்கள். இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்க தேசிய மனித உரிமை ஆணையம் 2010-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவு போடும் வரை அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. ஆறு வருடம்!

சட்டம் என்ன செய்தது? 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் சிலிகா தூசுக்கு ஒரு சூத்திரம் இருந்தது. முழுக்கக் குவார்ட்ஸ் தூசாக இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 98 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று வரும். அமெரிக்கா 2016-ல் வைத்த எல்லை 50. ஏறக்குறையப் பாதி. மின்சாரத்தில் ஓடும் இடம் தொழிற்சாலை எனப்படப் பழைய சட்டத்தில் 10 தொழிலாளர்கள் போதும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் 20 பேர் வேண்டும். பதினைந்து பேர் வேலை செய்யும் அரைவை மில் ஒரே நாளில் தொழிற்சாலை என்ற பெயரை இழந்துவிட்டது. தூசு மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்து வருவது பிழைப்பு வாதம். "கெடுபிடி செய்தால் கிரஷரை மூடிவிடுவார்கள், பிழைப்பு போய்விடும்." கிரஷரை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கல் விழும் இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். பெல்ட்டுக்கும் சல்லடைக்கும் கூடு போட வேண்டும். உலர்ந்த மாவு அரைக்கும் இடத்தில் தூசை உறிஞ்சி பேக் ஃபில்டரில் பிடிக்க வேண்டும். எல்லாம் பழைய தொழில்நுட்பம். முகத்தில் துண்டு கட்டிக்கொள்ளச் சொல்வது இதற்கு மாற்று இல்லை. துண்டின் இழைக்கு நடுவே அந்தத் துகள் தாராளமாக நுழையும்.

எம்-சாண்டில் 75 மைக்ரானுக்குக் குறைந்த தூள் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. சைட் இன்ஜினியர் அதைக் கேட்டு வாங்குகிறார். லோடைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவருக்கு இருக்கிறது. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போவது இன்று சல்லடைக் கணக்குப் படிக்கும் மாணவர்கள்தான். மணலின் ரிப்போர்ட்டோடு இன்னும் இரண்டு காகிதம் கேளுங்கள்: அந்த இடத்துக் காற்றில் எவ்வளவு சிலிகா, தொழிலாளிக்குக் கடைசியாக எக்ஸ்ரே எடுத்தது எப்போது. இல்லை என்று பதில் வந்தால் லோடு திரும்பட்டும்.