அடுக்குவதில் இருக்கிறது சூட்சுமம்!

"எப்படி அடுக்கினால் என்ன?" என்று உங்கள் வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வதுண்டா? அப்படியானால் இந்தச் சங்கதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு வஸ்துவின் மேல் ஒளி பட்டுச் சிதறும்போது அதில் துளியளவு நிறம் மாறி வருகிறது. அது இன்ன வஸ்து என்று அந்த மாறுதலே காட்டிக் கொடுத்துவிடும். 1928-ல் கல்கத்தாவில் சர் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது இது. ஆனால் அந்த ஒளி மிகவும் மங்கல். சொரசொரப்பான வெள்ளியில் ஒட்டிய வஸ்துவானால் பளிச்சென்று தெரியும் என்பது 1970-களில் விளங்கியது.

2003-ல் அமெரிக்காவின் பெர்க்லி விஞ்ஞானிகள், தலைமயிரைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய வெள்ளிக் கம்பிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, மெல்ல நெருக்கி, கோரைப்பாய் போல வரிசைப்படுத்தினார்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவேயுள்ள இடுக்கில்தான் ஒளி குவிகிறது. இடுக்கு அகன்றால் பலன் குறையும். ஒளி கம்பிக்குக் குறுக்கே அதிர்ந்தால் பலம் அதிகம். நீளவாக்கில் அதிர்ந்தால் குறைவு. வெடிமருந்தில் சேரும் ரசாயனம் ஒன்றின் சிறு சுவடுகூட இதில் அகப்பட்டுவிட்டது!

வெள்ளி இருந்தால் மட்டும் போதுமா? அடுக்கத் தெரிய வேண்டாமோ? அதைத்தானே நீங்கள் தினமும் சொல்கிறீர்கள்!