ஸ்கீமும் போர்டும்

"ஸ்கீம்", "போர்டு" என்னும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அர்த்தம் சொல்லிவிடுவார்கள். ஆனால் 2018-ஆம் வருஷத்தில் இவற்றின் வித்தியாசம் என்ன என்று ஒரு பெரிய விவகாரமே நடந்தது. விடைக்காகக் காத்துக் கிடந்தவை தஞ்சைத் தரணியின் குறுவை வயல்கள்.

அவ்வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் காவேரி வழக்கில் தீர்ப்புக் கூறினார்கள். எல்லையிலுள்ள பில்லிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய நீர் 192 டி.எம்.ஸி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. அதையாவது ஒழுங்காகக் கொடுப்பதற்கு ஆறு வாரத்துக்குள் ஸ்கீம் வகுக்கும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவாயிற்று. 2007-ல் நடுவர் மன்றம் சிபாரிசு செய்த போர்டைத்தான் அது குறிக்கிறது என்று தமிழ்நாடு கொண்டது. மத்திய சர்க்காரோ கெடு தீர்ந்த பிறகு, "ஸ்கீம் என்றால் போர்டுதானா, வேறாகவும் இருக்கலாமா?" என்று கோர்ட்டையே விளக்கம் கேட்டது.

இலக்கணத்தைப் பார்ப்போம். ஸ்கீம் என்பது திட்டம், ஏட்டில் இருப்பது. வினைச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் "சூழ்ச்சி செய்" என்று பொருள்படும்! போர்டு ஆதியில் வெறும் பலகை. பிறகு பலகையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கும் அதுவே பெயராயிற்று. ஆகையால் போர்டுக்கு இங்கிலீஷ்காரர்கள் பன்மை வினையும் கொடுப்பதுண்டு. ஸ்கீமுக்கு அந்த மரியாதை கிடையாது. நாமும் "வாரியத்தார் கூடினார்கள்" என்போம்; "திட்டத்தார் கூடினார்கள்" என்று யாராவது சொல்வார்களா?

வாரியம் என்ற சொல் நமக்குப் புதிதன்று. சுமார் 1,100 வருஷங்களுக்கு முன், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்ச் சாசனங்களிலேயே ஏரி வாரியம் இருக்கிறது. குடவோலையிட்டு அதற்கு ஆட்களைத் தேர்ந்தார்கள். நீருக்குத் திட்டம் மட்டும் போதாது, பதில் சொல்ல மனிதர்களும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1956-ஆம் வருஷத்து நதிநீர்த் தகராறுச் சட்டத்தின் 6-ஏ பிரிவும், ஸ்கீமுக்குள் ஓர் அதிகார சபையை எந்தப் பெயரிலும் அமைக்கலாம் என்கிறது. அதாவது, ஸ்கீம் பெட்டி. போர்டு உள்ளே வைக்கும் பண்டம். முடிவில் ஜூன் 1-ந் தேதி கெஜட்டில் வெளியான ஸ்கீமுக்குள் போர்டு இல்லை, "ஆணையம்" இருந்தது.

வழக்கமாக ஜூன் 12-ந் தேதி திறக்கவேண்டிய மேட்டூர் அணை அந்த வருஷம் ஜூலை 19-ந் தேதி திறந்தது. திறக்கச் செய்தது ஸ்கீமா, போர்டா? இரண்டுமில்லை, மேற்கே பெய்த மழை. மழைக்கு இங்கிலீஷ் தெரியாது.