இரண்டு மலைகள், நடுவே ஒரு சூரியன்

தமிழகத்தின் எந்தத் தொடக்கப் பள்ளியிலும் ஒரு குழந்தையின் கையில் தாளும் கிரேயானும் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே படம்தான் திரும்பி வரும். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதி எழுந்த சூரியன், மலையிடுக்கிலிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள். மலையையே பார்த்திராத காவிரிப் படுகைக் குழந்தையும் இதைத்தான் வரைகிறது. குடிசைக்குள் நுழைந்தறியாத அடுக்குமாடிக் குழந்தையும் இதைத்தான் வரைகிறது. வாசலில் நிற்கும் வேம்பும், கொல்லையில் கட்டிய ஆடும், பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும் அந்தத் தாளுக்குள் வருவதேயில்லை. குழந்தையின் கற்பனை என்று மெச்சி அதை நாம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கிறோம். உண்மையில் அது வாய்ப்பாட்டைப் போல ஒப்பிக்கப்பட்ட படம்.

தொடக்கப் பள்ளிகளில் ஓவியம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இரண்டே காரியங்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழம் வரைவார், நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்து வரைவார்கள். அல்லது அச்சிட்ட கோட்டுருவத்துக்குள் வண்ணம் தீட்டுவார்கள்; கோட்டைத் தாண்டாத பிள்ளைக்கு நட்சத்திரம். இதைப் பயனற்றது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் அதற்கும் மேலே சொல்ல விரும்புகிறேன்: இது தீங்கானது. தன் கண் கண்டதை நம்பாதே, பிறர் போட்ட கோட்டை நம்பு என்று ஆறு வயதில் கற்றுக்கொடுக்கும் பயிற்சி இது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹென்றி கோல் வழிநடத்திய தென் கென்சிங்டன் முறை, அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்துப் பிசகாமல் கோடு இழுக்கும் கையையே முதலில் கேட்டது. ஆலைகளுக்கு வடிவமைப்பாளர்களும் வரைவாளர்களும் தேவைப்பட்ட காலம் அது. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளியும் கைத்தொழிலையும் உற்பத்தியையும் மனத்தில் வைத்தே உருவானது. தொழிலுக்கு ஆள் தயாரிக்கும் இடத்தில் அந்த ஒழுங்குக்கு நியாயம் இருந்தது. முதல் வகுப்புப் பிள்ளைக்கு அதில் என்ன வேலை?

இத்தனைக்கும் மாற்று வழிகள் நேற்று முளைத்தவை அல்ல. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897இலேயே சிறுவர்களுக்கான கலை வகுப்பைத் தொடங்கி, அவர்கள் தாமாக வரைவதை வரையவிட்டார். நம் நாட்டில், சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்ற தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமுக்கு வந்து ஆதாரக் கல்விப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றினார். அந்த அனுபவத்தின் விளைவாகக் கலையே கல்வியின் அடித்தளம் என்று வாதிடும் நூலையும் எழுதினார். காந்தியோ தன் சுயசரிதையில், கையெழுத்து மோசமாக அமைந்துவிட்டதை எண்ணி வருந்தும் இடத்தில், பிள்ளைகள் எழுதப் பழகுவதற்கு முன்பே வரையப் பழக வேண்டும் என்கிறார். அந்த ஆலோசனை மட்டும் நம் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை.

1938இல் ஆஸ்திரியாவை விட்டு வெளியேறி அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளியிட்ட தன் நூலில் குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்தார். இரண்டு வயதில் கிறுக்கல். நான்கு வயதுவாக்கில் வட்டத்திலிருந்து நேராகக் கால் முளைத்த மனிதன். ஏழு வயதில் தாளின் அடியில் ஒரு நிலக்கோடு, அதன்மேல் வரிசையாக எல்லாம். சுவரை ஊடுருவி வீட்டின் உள்ளே இருப்பவர்களைக் காட்டும் படமும் இந்தப் பருவத்துக்குரியது. பெரியவர்கள் பிழை என்று திருத்துவது இதைத்தான். வீட்டுக்குள் அம்மா இருக்கிறாள் என்று குழந்தைக்குத் தெரியும், தெரிந்ததை வரைகிறது. அதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? வண்ணம் தீட்டும் புத்தகங்கள் குழந்தையின் தன்னம்பிக்கையைக் குலைத்துப் பிறரைச் சார்ந்திருக்கப் பழக்குகின்றன என்று அன்றே கடுமையாக எச்சரித்தவரும் இவரே. இன்றும் பிறந்த நாள் விழாக்களில் நாம் அவற்றைத்தான் பரிசளிக்கிறோம்.

அவர் சுட்டும் அடுத்த கட்டம் முக்கியமானது. ஒன்பது வயதுக்கு மேல் குழந்தை தன் படத்தை உலகத்தோடு ஒப்பிடத் தொடங்குகிறது. வரைந்தது பார்த்ததைப் போல இல்லை என்று உணர்கிறது. ‘எனக்கு வரைய வராது’ என்ற வாக்கியம் இந்த வயதில்தான் பிறக்கிறது. பலருக்கு அது ஆயுள் முழுக்க நீடிக்கிறது. அதாவது நான்காம், ஐந்தாம் வகுப்பில். துணை நிற்க ஒருவர் தேவைப்படுவது அப்போதுதான்.

சட்டம் என்ன செய்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டுமே கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைக் கேட்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒருவரைப் பற்றிய பேச்சே இல்லை. தமிழகத்தில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பேர் பகுதிநேரமாக நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். அதன்பின் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். கலைகளைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயப் பாடமாக்கச் சொன்ன 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், நம் அபத்தத்தின் அளவு விளங்கும்.

மறுதரப்பின் வாதங்களையும் பார்த்துவிடலாம். நகலெடுக்காமல் கை எப்படிப் பழகும், ஸ்தபதிகள் அப்படித்தானே கற்றார்கள் என்பது முதலாவது. ஸ்தபதியின் மகன் கற்றது தன் தொழிலை. நாள் முழுதும் கல்லும் உளியும் புழங்கும் பட்டறையில், ஒவ்வோர் அளவுக்கும் காரணம் சொல்லத் தெரிந்த ஒருவரின் அருகில் இருந்து கற்றான். வாரம் ஒரு பாடவேளை மாம்பழத்தை அதனோடு ஒப்பிடுவது ஸ்தபதிக்கு அவமரியாதை. அதற்காகக் குழந்தையை முற்றிலும் அதன் போக்கில் விட்டுவிடு என்று சொல்லவும் நான் தயாரில்லை. சிசெக்கின் மாணவர்களுடைய படங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆசிரியரின் ரசனை, சொல்லாமலே வகுப்புக்குள் நுழைந்துவிடும். ஆசிரியர் கற்பிக்கத்தான் வேண்டும். கற்பிக்க வேண்டியது பார்ப்பதை.

எழுத்துக்கே நேரமில்லை, இதில் ஓவியமா என்பது இரண்டாவது வாதம். தான் வரைந்த படத்தைப் பற்றி நான்கு வாக்கியம் பேசும் குழந்தை மொழியைத்தான் கற்கிறது. அந்த வாக்கியங்களை அதன் சொற்களிலேயே ஆசிரியர் படத்தின் கீழே எழுதிக் காட்டினால், அதைவிடச் சிறந்த வாசிப்புப் பாடம் எது? போட்டிகள் ஊக்கம் தரும் என்பது மூன்றாவது. முப்பது பேரில் மூவருக்கு ஊக்கம். இருபத்தேழு பேருக்குத் தமக்கு வரைய வராது என்ற தீர்ப்பு. அந்த மூன்றிலும் எத்தனை படங்களில் பெற்றோரின் கை இருக்கிறது என்பதை நடுவர்களாகப் போனவர்கள் அறிவார்கள்.

இதற்கெல்லாம் பெரிய செலவு வேண்டியதில்லை. கரித்துண்டு, சுண்ணக்கட்டி, செம்மண், பழைய செய்தித்தாள் போதும். கரும்பலகை மாம்பழத்துக்குப் பதிலாக ஒரு நிஜ மாம்பழத்தை மேசைமேல் வையுங்கள். நாற்பது பிள்ளைகளும் நாற்பது பக்கத்திலிருந்து பார்க்கட்டும். குழந்தையின் படத்தில் ஆசிரியரின் பென்சில் படக்கூடாது. வகுப்பறையில் ஒரு கயிறு கட்டி, சிறந்த மூன்றை அல்ல, எல்லாப் படங்களையும் தொங்கவிடுங்கள். பின்புறம் தேதி குறித்துப் பிள்ளைக்கு ஒரு கோப்பு என்று ஆண்டு முழுதும் சேர்த்துவையுங்கள். ஜூனில் வரைந்த மரத்தையும் மார்ச்சில் வரைந்த மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு மதிப்பெண் தேவைப்படாது. பெற்றோர் வரும் நாளில் மதிப்பெண் பட்டியலோடு இந்தக் கோப்பையும் காட்டுங்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றி. தமிழனுக்குக் காட்சிக் கலையில் பிரக்ஞையே இல்லை என்று சிற்றிதழ்களில் பல ஆண்டுகளாக அங்கலாய்த்து வந்திருக்கிறோம். ஆதிமூலத்தின் கோடுகளை அட்டையில் அச்சிட்டோம். வாசகனுக்குப் புரியவில்லை என்று சலித்துக்கொண்டோம். அந்த வாசகன் ஆறு வயதில் எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தான் என்று நாம் கேட்டதில்லை. நம் பிள்ளைகளின் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒரு மாதம் இல்லாவிட்டால் தலைமை ஆசிரியரின் அறை வாசலில் நிற்கிறோம். ஓவிய ஆசிரியர் என்று ஒருவர் இல்லவே இல்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்காதவர்களுக்கு, தமிழனின் ரசனையைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுத உரிமையில்லை.