புது ஊசி நல்லதா, கெட்டதா?

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? விடிகாலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓடும். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று வழிநெடுகத் தொழிற்சாலைகள். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் எல்லாம் அங்கே தயாராகின்றன. உங்களில் சிலருடைய அப்பாவோ, அம்மாவோ, சித்தப்பாவோ கூட அந்த பஸ்ஸில் போய் வரலாம்.

அந்த பஸ்ஸில் 50 பேர் இருந்தால், எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023ல் வெளிவந்தது. தமிழகத்தில் பெரியவர்களில் 100க்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. அப்படியானால் பஸ்ஸுக்கு ஏழு பேர்! இளைஞர்கள் நிறைந்த பஸ் என்றால் கொஞ்சம் குறையும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் என்றால் கூடும். இரவு நேரத்தில் சாப்பிட்டால் உடம்பு சர்க்கரையைப் பகல் போலச் சமாளிக்காது. அதனால் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்குக் கவலை இன்னும் சற்று அதிகம்.

இந்த ஏழு பேர் வீட்டிலும் இப்போது ஒரு பேச்சு அடிபடலாம். "வாரம் ஒரு ஊசி போட்டால் போதுமாமே, சர்க்கரையும் குறையுமாம், எடையும் குறையுமாம்!" என்பார் ஒருவர். "ஐயோ, அது ஆபத்தாம்!" என்பார் இன்னொருவர். 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைட் என்ற மருந்தைப் பற்றித்தான் பேச்சு. மவுன்ஜாரோ என்பது அதன் கடைப் பெயர். இருவரில் யார் சொல்வது சரி? வாருங்கள், தராசை எடுப்போம்.

முதலில், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நாம் சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் சுரக்கும். "சாப்பாடு வந்தாச்சு, இன்சுலினை அனுப்பு" என்று கணையத்துக்குச் சொல்வது அதன் வேலை. "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்கும் சொல்லும். இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்கும்படியும் செய்யும். ஆனால், சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும்.

இங்கேதான் ஒரு பல்லி வருகிறது! அமெரிக்கப் பாலைவனத்தில் ஹீலா என்ற விஷப் பல்லி உண்டு. வருடத்துக்குச் சில முறை மட்டுமே வயிறு நிறையச் சாப்பிடும் பிராணி அது. அதன் விஷத்தில், ஜி.எல்.பி.-1 போலவே வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருள் இருப்பதை ஜான் எங் என்ற அமெரிக்க டாக்டர் 1992ல் கண்டுபிடித்தார். அதைப் பின்பற்றித் தயாரான மருந்து 2005ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய செமாகுளுடைட், டிர்செபடைட். (இவற்றில் பல்லி விஷம் எதுவும் கிடையாது, பயப்படாதீர்கள்.)

சரி, பலன் எவ்வளவு? 2021ல் வெளியான ஒரு சோதனையில் 1,879 சர்க்கரை நோயாளிகள் கலந்துகொண்டனர். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதில் 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இவர்களுக்குச் சராசரி 8.28 இருந்தது. 40 வாரத்தில், டிர்செபடைட் போட்டவர்களுக்கு, மருந்தின் அளவைப் பொறுத்து, 2.01 முதல் 2.30 வரை இறங்கியது. செமாகுளுடைட் போட்டவர்களுக்கு இறங்கியது 1.86. இரண்டுமே பெரிய இறக்கம்தான்.

இப்போது அடுத்த தட்டு. அதே சோதனையில் டிர்செபடைட் போட்ட 100 பேரில் 17 முதல் 22 பேருக்குக் குமட்டல் வந்தது. 13 முதல் 16 பேருக்கு வயிற்றுப்போக்கு. 6 முதல் 10 பேருக்கு வாந்தி. உணவு மெதுவாக இறங்கும் என்று சொன்னோம் அல்லவா? வயிறு நிறைந்தது போலத் தோன்றுவதும் குமட்டுவதும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்! மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினால், பெரும்பாலோருக்கு இது போகப் போகக் குறைந்துவிடும்.

"சும்மா குமட்டல்தானே" என்று தோன்றும். யாருக்குக் குமட்டல் என்று பாருங்கள். ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வரலாம். அசெம்பிளி லைனில் நிற்பவரால் அப்படி முடியாது. அவர் இடத்தில் நிற்க ஆள் வர வேண்டும். போர்க்லிப்ட் ஓட்டுபவருக்கு வேறு ஆபத்து. இந்த ஊசி மட்டும் போட்டால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோவது அபூர்வம். ஆனால், கிளிமிபிரைடு போன்ற பழைய மாத்திரையோ இன்சுலினோ கூடவே எடுத்தால், சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். நைட் ஷிப்டில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் டாக்டர் புது ஊசி எழுதும்போது பழைய மருந்தின் அளவைக் குறைப்பார். எந்த ஷிப்ட், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதை அப்பா டாக்டரிடம் சொன்னாரா? வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அபூர்வமாக வருபவையும் உண்டு: கணையம் வீங்குவது, பித்தப்பையில் கல். எலிகளுக்குக் கொடுத்தபோது தைராய்டு கட்டி வந்தது. மனிதருக்கும் வருமா என்பது உறுதியாகவில்லை. ஆனாலும் குடும்பத்தில் ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. தாயாகப் போகிறவர்களுக்கும் ஏற்றதல்ல.

இவ்வளவு கேட்டதும், "வேண்டவே வேண்டாம்" என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். மருந்துக்குப் பக்க விளைவு உண்டு. மருந்து எடுக்காமல் இருப்பதற்கும் பக்க விளைவு உண்டு! கட்டுப்படாத சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் மெதுவாகக் கெடுக்கும். அது எந்த மருந்துப் பெட்டியிலும் அச்சாகாது. அதனால் நமக்கு மறந்துபோகிறது. மாத்திரைக்கு அடங்காத சர்க்கரையும் அதிக எடையும் உள்ள ஒருவருக்கு, சில வாரக் குமட்டலை விட ஊசியின் பலன் எவ்வளவோ பெரிதாக இருக்கலாம். சாதாரண மாத்திரையிலேயே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் அவர் நண்பருக்கு, அதே ஊசி வீண் செலவு.

எடை போடத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. பயோகிளிட்டசோன் என்று ஒரு மலிவான சர்க்கரை மாத்திரை. அதை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து 40 சதவீதம் கூடுகிறது என்று 2011ல் அமெரிக்காவில் எச்சரித்தார்கள். பிரான்ஸ் அந்த மாத்திரையை நிறுத்தியது. இந்தியா 2013 ஜூன் 18ம் தேதி தடை போட்டது.

நாற்பது சதவீதம்! 100 பேர் சாப்பிட்டால் 40 பேருக்குப் புற்றுநோய் என்றா அர்த்தம்? இல்லவே இல்லை. மிகச் சிறிய ஒரு எண் 40 சதவீதம் பெரிதானது, அவ்வளவுதான். அமெரிக்க அதிகாரிகள் சொன்ன கணக்குப்படி, ஒரு லட்சம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் கூடுதலாக 27 அல்லது 28 பேருக்கு நோய் வரலாம். நம் 50 பேர் கம்பெனி பஸ்களை 2,000 நிறுத்தினால்தான் ஒரு லட்சம் பேர் சேரும். அதில் 28 பேர். அந்த 28 பேரும் மனிதர்கள்தான், சிறிய விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால், மீதிப் பேரின் சர்க்கரையையும் யாராவது பார்க்க வேண்டுமே! மருத்துவர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஜூலை 31ம் தேதி, அதாவது ஆறே வாரத்தில், தடை விலகியது. பெட்டியில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அந்த அமெரிக்க ஆய்வு பத்து வருடம் முடித்து 2015ல் வெளியானபோது, ஆபத்து கூடுவது உறுதியாகத் தெரியவில்லை. ஆனாலும் எச்சரிக்கையை எடுக்கவில்லை. அதுவும் சரிதான் என்பேன்.

எல்லா மருந்துக்கும் இப்படி மன்னிப்புக் கிடைக்காது. பென்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டி உயிரையே எடுத்ததால், 2003ல் இந்தியா அதைத் தடை செய்தது. அதன் தம்பி மெட்பார்மின் மட்டும் தேறி, இன்றும் கோடிக்கணக்கானோருக்குக் கை கொடுக்கிறது.

சுவர்களில் "பக்க விளைவே இல்லாத சர்க்கரை மருந்து" என்று போஸ்டர் பார்த்திருப்பீர்கள். பக்க விளைவே இல்லை என்றால், யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்!

தராசில் இன்னொரு கல்லும் விழுகிறது: பணம். 2025 மார்ச்சில் டிர்செபடைட் வந்தபோது, மிகக் குறைந்த அளவு ஊசி ஒன்றின் விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் நான்கு வாரத்துக்கு 14,000. அடுத்த அளவுக்கு 17,500. இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர 2017ல் வைத்த சம்பள வரம்பு 21,000 ரூபாய். அவ்வளவு சம்பளம் வாங்கும் தொழிலாளி, மூன்றில் இரண்டு பங்கை ஊசிக்கே கொடுத்தால் உங்கள் ஸ்கூல் பீஸ் என்ன ஆவது? செமாகுளுடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். காப்புரிமை முடிந்தால் மற்ற கம்பெனிகளும் தயாரிக்கலாம். போட்டி வந்தால் விலை இறங்கும். மெட்பார்மின் போன்ற பழைய மாத்திரைகளோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன.

கடைசியாக ஒன்று. 1,879 பேரிடம் தென்படாத ஒரு பக்க விளைவு, லட்சம் பேர் போட்ட பிறகுதான் வெளியே தெரியலாம். அதை யார் எண்ணுவது? உத்தரப்பிரதேசத்தில் உள்ள காஜியாபாத்தில் இதற்காகவே மத்திய அரசின் மையம் ஒன்று இருக்கிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, மருந்து சாப்பிட்டவரே சொல்லலாம். 1800 180 3024 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசு கிடையாது. ஒரகடத்தில் நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு இந்த ஊசி எப்படி ஒத்துக்கொள்கிறது என்ற கணக்கு, அப்படி ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லத்தான் சேரும்.