இரும்பின் அளவு போதாது. வடிவமும் தெரிய வேண்டும்

கொல்கத்தாவின் பெஹாலாவில் பாரிஸ் கிரீன் என்னும் பூச்சிக்கொல்லியைத் தயாரித்த ஆலையின் ஆர்சனிக் கழிவு, மண்ணுக்குள் புகுந்து நிலத்தடி நீரில் இறங்கியது. அந்தத் தண்ணீரைக் குடித்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் நோயுற்றதை ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்து பதிவு செய்தார்கள். நகரின் கிழக்கே தாங்ரா, தோப்சியா, தில்ஜலா தோல் பதனிடும் ஆலைகளை இடம் மாற்ற 1996இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலைகள் புதிய இடமான பான்தலாவுக்குப் போகலாம். மண்ணில் ஊறிய குரோமியம் கூடவே போய்விடாது.

இப்படிப்பட்ட மண்ணைச் சோதித்தால், கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று உலோகவாரியாகக் கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கை மட்டும் வைத்து ஒரு நிலம் குடியிருக்கத் தக்கது என்று சான்றளிக்கக் கூடாது என்பதே நம் நிலை.

காரணம் இரும்பு. ஆர்சனிக்கைப் பிடித்து வைப்பதும் பின்னர் விடுவிப்பதும் பெரும்பாலும் மண்ணிலுள்ள இரும்புக் கனிமங்கள்தான். கோதைட், ஹேமடைட் போன்றவற்றின் பரப்பில் ஆர்சனிக் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் வற்றினால் நுண்ணுயிரிகள் இரும்பைக் கரைக்கும். பிடியிலிருந்த ஆர்சனிக் தண்ணீரில் கலக்கும். இதில் முதலில் கரைவது சரியாகப் படிகமாகாத ஃபெரிஹைட்ரைட். மேக்னடைட்டில் உள்ள ஃபெரஸ் இரும்போ, நச்சு மிகுந்த ஆறு இணைதிறன் குரோமியத்தை அதிகம் கரையாத மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்ற வல்லது. ஆகவே ஒரே அளவு இரும்பும் ஆர்சனிக்கும் உள்ள இரண்டு மனைகளில் ஒன்று பாதுகாப்பாகவும் மற்றது ஆபத்தாகவும் இருக்க முடியும். ஆண்டுதோறும் மழைநீர் தேங்கும் கொல்கத்தாவில் இந்த வேறுபாட்டை எப்படிப் புறக்கணிப்பது?

இந்த வேறுபாட்டை அறிய மாஸ்பவர் நிறமாலை ஆய்வு இருக்கிறது. 1958இல் ருடால்ஃப் மாஸ்பவர் கண்டறிந்த விளைவின்படி, இரும்பு-57 அணுக்கரு காமாக் கதிரை உறிஞ்சும் விதம் அது எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்பதற்கேற்ப மாறும். மண்ணிலுள்ள மற்றப் பொருள்கள் குறுக்கிடாமல் இரும்பை மட்டும் காட்டுவது இதன் பலம். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு ஆய்வுக்கு எளிதில் புலப்படாத நுண்துகள்களும் இதில் தெரியும். செவ்வாயில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 2004இல் ஜாரோசைட் என்ற இரும்புக் கனிமத்தை அடையாளம் கண்டது இம்முறையில்தான். செவ்வாயின் மண்ணுக்குச் செய்ததைத் தாங்ராவின் மண்ணுக்கும் செய்ய வேண்டும்.

ஒரு மாதிரிக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும் என்பார்கள். உண்மைதான். எல்லா மாதிரிக்கும் இது தேவையில்லை. ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு ஆழத்தில் எடுத்த சில மாதிரிகள் போதும். விரைவான முதற்கட்டச் சோதனைக்கு ராமன் நிறமாலை உதவும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் அந்த விளைவைக் கண்டறிந்தது கொல்கத்தாவின் பௌபஜார் தெருவில். சாஹா அணு இயற்பியல் நிறுவனமும் இதே நகரில் இருக்கிறது. அறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அதை நாடுவதில்தான் குறை.

மாசடைந்த இடங்களைக் கையாள மத்திய அரசு 2025இல் விதிகளை அறிவித்திருக்கிறது. அதன்படி நடக்கும் விரிவான கள ஆய்வில் இரும்புக் கனிம அடையாளத்தைக் கட்டாயமாக்க வேண்டும். அறிக்கையை மனை வாங்குவோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மேற்கு வங்க வாரியம் தாங்ராவில் தொடங்கட்டும். குரோமியக் கழிவு மலைபோல் குவிந்த ராணிப்பேட்டையில் தமிழ்நாடு வாரியமும் இதையே செய்ய வேண்டும்.