அடைத்த கடையும் நாட்டுப் பற்றும்

நாட்டு விழா நாளில் உணவுச்சாலையைத் திறந்து வைக்குங் குடியேறியோர், புகுந்த நாட்டிற் பற்றிலர் என்பார் சிலர். இவ்வுரை ஆராயத்தக்கது.

கனடா நாடு ஒன்றிணைந்த நாள் 1867 யூலை 1. அதனை டொமினியன் தினமெனக் கொண்டாடினர். 1982 முதல் அது கனடா தினம். 1923இல் அதே நாளிலேயே சீனர் குடிவரவை ஏறத்தாழ முற்றாகத் தடுக்குஞ் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் 500 டொலர் தலைவரி இறுத்தே சீனத் தொழிலாளர் உட்புகுந்தனர். மேற்குக் கரைக்கு இருப்புப்பாதை அமைக்க உழைத்தோரும் அவ்வினத்தவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் வழியும் அடைபட்டமையால், சீனர் அந்நாளை 'அவமான நாள்' என்றனர், பலர் கடைகளையும் உணவுச்சாலைகளையும் அடைத்தனர், விழாவிற் கலந்திலர். அடைத்த கதவு அங்கே பற்றையா காட்டிற்று? பகையென்பதும் பொருந்தாது. அந்நாட்டிற் குடும்பத்தோடு வாழ விழைந்தோரின் முறையீடு அது. அச்சட்டம் 1947இல் நீங்கிற்று. தலைவரிக்கு 2006இற் பாராளுமன்றத்தில் அரசு மன்னிப்புக் கோரிற்று.

ஆதலின், விழாக் கண்டு பசித்து வருவோர்க்கு இன்று சோறிடுவானைப் பற்றிலான் எனல் எங்ஙனம்? பணியாளர்க்கு ஓய்வும் உரிய ஊதியமும் உளவோ என்று வினவுக. அவ்வினா உள்ளூரார் கடைக்கும் ஒக்கும்.