கையெழுத்தும் கண்ணும்

பேரனுக்கு மூன்று வயது முடிந்து நாலாவது நடக்கிறது. அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டுமென்று வீட்டில் தீர்மானமாயிற்று. (இம்மாதிரித் தீர்மானங்கள் வீட்டுக் கிழவர்களைக் கலந்துகொண்டு செய்யப்படுவதில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள்.) அவனை அழைத்துக்கொண்டு போகிற பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்தது.

பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா மிக்க மரியாதையுடன் உட்காரச் சொன்னார். பையனுடைய பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ஆதார் அட்டை, தடுப்பூசி அட்டை, புகைப்படங்கள் நான்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, "உங்கள் கட்டடத்தின் சான்றுகளை நான் பார்க்கலாமா?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க எனக்குச் சக்தியில்லை. மூன்று வயதுக் குழந்தை, தான் பிறந்தது உண்மைதான் என்று அத்தாட்சி காட்ட வேண்டும். அந்தக் குழந்தையைப் பகல் முழுவதும் வைத்துக்கொள்ளப் போகும் கட்டடம் எந்த அத்தாட்சியும் காட்ட வேண்டியதில்லை போலும்!

நான் வம்புக்காகக் கேட்கவில்லை. கும்பகோணம் காசிராமன் தெருவை நினைத்துக்கொண்டு கேட்டேன்.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி முற்பகல். அத்தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிக்கூடங்கள் நடந்து வந்தன. மதியச் சாப்பாட்டுக்காக மூட்டிய அடுப்பிலிருந்து கிளம்பிய நெருப்பு சமையற்கூடத்தின் கீற்றுக் கூரையைப் பற்றிக்கொண்டது. அங்கிருந்து மாடியில் கீற்று வேய்ந்திருந்த வகுப்புக்குத் தாவிற்று. மூங்கிலும் கீற்றும் எரிந்தவாறே குழந்தைகள் மேல் சரிந்தன. இறங்குவதற்கு இருந்த படிக்கட்டோ குறுகலானது. 94 குழந்தைகள் மாண்டார்கள். காலையில் தலைவாரிப் பொட்டிட்டு அனுப்பிய தாய்மார்கள், மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, இது என் குழந்தைதானா என்று துணியையும் கொலுசையும் கொண்டு அடையாளம் தேட வேண்டியதாயிற்று. இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

எதிர்பாராத விபத்து என்று இதைச் சொல்வார்கள். எதிர்பாராதது எது? 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் அதில் மடிந்தார்கள். 2004-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் பந்தல் தீப்பற்றி, மணமகன் உட்படப் பலர் மாண்டார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம்கூட ஆகவில்லை. கீற்று எரியும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு எடுத்துச் சொல்ல இவற்றைவிடப் பெரிய எச்சரிக்கை என்ன வேண்டியிருந்தது?

சட்டம் இல்லாமற் போயிற்றா என்றால், அதுவும் இல்லை. பொதுமக்கள் கூடுகிற கட்டடங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தாகிவிட்டது. தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்த 1973-ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் வந்தது. கட்டடம் உறுதியானது என்று எஞ்சினீயர் எழுதிக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் கொடுப்பவர் தாசில்தார். அங்கீகாரம் கொடுப்பது கல்வி இலாகா. இத்தனை பேருடைய கையெழுத்துக்களும் வேண்டியிருந்தன. கூரையோ, இரும்புப் பெட்டியில் ஒளித்து வைக்கக்கூடிய வஸ்து அன்று. நிமிர்ந்து பார்த்தால் தெரியும். எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒருவர் மட்டும் கையெழுத்திட வேண்டியிருந்தால், பயந்துகொண்டாவது ஒரு முறை போய்ப் பார்த்திருப்பார். ஐந்து பேர் இடுவதென்றால், மற்ற நால்வரும் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ள இடமுண்டாகிறது.

வழக்கு நடந்தது. பத்து வருஷம் கழித்து, 2014-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி தஞ்சாவூர்க் கோர்ட்டில் தீர்ப்புச் சொன்னார்கள். பத்துப் பேர் குற்றவாளிகள். பதினொரு பேர் விடுதலை. பள்ளியின் ஸ்தாபகருக்கு ஆயுள் தண்டனை. கல்வி இலாகா உத்தியோகஸ்தர்கள் சிலரும், சான்று கொடுத்த எஞ்சினீயரும் அன்று தண்டனை பெற்றார்கள். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னை ஹைக்கோர்ட், ஸ்தாபகர் அதுவரை சிறையில் கழித்த காலமே போதுமென்று தண்டனையைக் குறைத்தது. அந்த உத்தியோகஸ்தர்களையும் எஞ்சினீயரையும் விடுதலை செய்தது. ஹைக்கோர்ட் நீதிபதிகள் சாட்சியத்தையும் சட்டத்தையும் கொண்டுதான் தீர்ப்புச் செய்ய முடியும். அதைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. பதின்மூன்று வருஷம் கோர்ட்டுப் படி ஏறிய பெற்றோர்கள் மட்டும் வெறுங்கையுடன் வீடு திரும்பினார்கள்.

இங்கே சட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தன் செய்கையினால் மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே ஒருவன் அதைச் செய்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி பத்து வருஷம் வரை சிறை. அஜாக்கிரதையினால் மரணம் விளைந்தால் இரண்டே வருஷம். (2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் அமலுக்கு வந்திருக்கும் புதிய சட்டத்தில் இது ஐந்து வருஷமாக உயர்ந்திருக்கிறது.) அறிந்தவன், அறியாதவன் என்ற இந்தப் பாகுபாடு நியாயமானதே. ஆனால் மேற்பார்வை செய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டவர் அபாயத்தை அறிந்தவர். போகாமலே, நாற்காலியில் சாய்ந்தபடி கையெழுத்திட்டவர் ஒன்றும் அறியாத அப்பாவி! கடமையை எவ்வளவுக்கெவ்வளவு கைவிடுகிறாரோ, அவ்வளவுக்கவ்வளவு அவர் தப்பிக்கிறார். சான்றுக் காகிதத்தில் "நேரில் பார்த்தேன்" என்று எழுதி ஒப்பமிட்டவர், பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய அனைத்தையும் அறிந்தவராகவே கருதப்பட வேண்டும் என்று ஒரு வரி சட்டத்தில் சேர்த்தால், எத்தனையோ ஜீப்புகள் கச்சேரியை விட்டுக் கிளம்பும்.

கும்பகோணத்துக்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்புகளின் கீற்றுக் கூரைகளை அகற்றும்படி சர்க்கார் உத்தரவு போட்டது. 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், கல்வி பெறும் உரிமையில் பத்திரமான கட்டடத்தில் கல்வி பெறும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. நேரில் சோதித்த பிறகே சான்று கொடுக்க வேண்டும், கடமை தவறிய உத்தியோகஸ்தர் மீது உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. நல்ல உத்தரவுதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்பவர் யார் என்பதே கேள்வி.

அன்று நான் நின்றேன். குமாஸ்தா உள்ளே போய்த் தலைமையாசிரியை அம்மாளை அழைத்து வந்தார். நல்ல மாதிரி, கோபித்துக்கொள்ளவில்லை. கோப்பைத் தேடி எடுத்துக் காட்டினார். லைசென்ஸின் காலம் சென்ற வருஷமே முடிந்திருந்தது. "புதுப்பிக்க எழுதிப் போட்டிருக்கிறோம், ஐயா" என்றார். மாடியைப் பார்க்க வேண்டுமென்றேன். அதற்கும் சம்மதித்தார். படிக்கட்டுக்கள் இரண்டு இருந்தன. பின்புறத்துப் படிக்கட்டின் அடியில் உடைந்த பெஞ்சிகளை அடுக்கியிருந்தார்கள்; கதவில் பூட்டுத் தொங்கிற்று.

"சாவி யாரிடம் இருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன்.

"வாட்ச்மேனிடம். அவர் இன்றைக்கு லீவு" என்றார்.

அந்தக் கதவு திறந்த பிறகு வருவதாகச் சொல்லி, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.